ஏழாம் பக்கம் வரை

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு பிற்பகல், சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றின் முதல் பக்கத்தில் இருந்த பென்சில் எழுத்துகளை ரப்பரால் அழித்தேன். ஆண்டு இறுதியில் நூலக இருப்பைச் சரிபார்க்கும்போது வழக்கமாகச் செய்கிற வேலைதான் அது. பிள்ளைகள் போட்ட கோடுகளையும் மீசைகளையும் அழித்து, கிழிசலை ஒட்டி, அடுத்த ஜூனுக்குப் புத்தகங்களை ஆயத்தம் செய்வேன். அன்று அழித்த அந்த ஒரு பக்கம் மட்டும் இன்றுவரை மனத்தில் கிடந்து உறுத்துகிறது. அதைச் சொல்ல அதற்கு முந்தைய நவம்பருக்குப் போக வேண்டும். நவம்பரைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் நூலகத்தின் நடப்பைக் கொஞ்சமேனும் சொல்ல வேண்டும்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கும் படுகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் நடுவில் இருக்கும் உதவிபெறும் தொடக்கப் பள்ளி எங்களுடையது. தொடக்கப் பள்ளிகளில் நூலகருக்கென்று பணியிடம் கிடையாது. ஆசிரியர்களில் ஒருவரிடம் பீரோச் சாவி இருக்கும், அவருக்கு நேரம் வாய்க்கும்போது பீரோ திறக்கும். எங்கள் நிர்வாகம் நூலக அறிவியலில் சான்றிதழ்ப் படிப்பு முடித்த என்னைப் பிற்பகல் வேளைக்கு மட்டும் அமர்த்திக்கொண்டது. ஓர் அறை, இரண்டு இரும்புப் பீரோக்கள், நான்கு கோரைப் பாய்கள், சுவருக்குச் சுவர் கட்டிய நைலான் கயிற்றில் துணி காயப்போடும் கிளிப்புகளில் தொங்கும் படப் புத்தகங்கள். மொத்தம் 640 புத்தகங்கள், 86 பிள்ளைகள். வகுப்புக்கு வாரத்தில் ஒரு நாள். நான்காம் வகுப்புக்கு வியாழன்.

பள்ளி நூலகம் என்றதும் பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்ற அச்சமே எல்லோருக்கும் முதலில் வருகிறது. மலையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளைவிட ஈரம்தான் அதிகப் புத்தகங்களை அழிக்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி ஆடியில் நனைந்து தீர்ந்துவிடும். எங்கள் சரிவுக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் பெருமழை. அந்த மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மூடுபனி உள்ளே வந்து பாயின்மேல் உட்காரும். மூடி வைத்தால் அட்டைகளில் பூஞ்சணம் பூக்கும். சிறுவர் புத்தகங்கள் பெரும்பாலும் பதினாறு, இருபத்துநான்கு பக்கங்கள். நடுவில் இரண்டு பின்கள் அடித்திருப்பார்கள். இரண்டு மழைக்காலம் போனால் பின் துருப்பிடித்து, துரு தாளைத் தின்று, நடுத்தாள் தனியே கையோடு வந்துவிடும். அதனால் புதுப் புத்தகம் வந்தவுடன் பின்களைப் பிடுங்கிவிட்டு, அதே துளைகளில் நூல் கோத்துத் தைத்துவிடுகிறேன். பாச்சை உருண்டை போடுவதில்லை, சிறு பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்கள்; வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். 2009 நவம்பரில் நீலகிரி எங்கும் மண் சரிந்த அந்த மழையில் இந்த அறையின் ஓடு பெயர்ந்து ஒரு பீரோ முழுக்க நனைந்ததாம். அதில் தப்பிய பன்னிரண்டு புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன, அலை அலையாக, மூட முடியாமல். பிள்ளைகளுக்கு அவை மிகவும் பிடிக்கும். புரட்டினால் சத்தம் வருகிறது என்பார்கள்.

பிள்ளைகளின் வாசிப்பில் இந்த மலை எப்போதும் கூடவே நிற்கிறது. கரடிக் கதை படித்தால் உடனே கை உயரும்: "டீச்சர், கரடி தேன் மட்டுமா குடிக்கும்? எண்ணெயும் குடிக்கும்." கோத்தகிரிப் பக்கத்தில் கரடி சத்துணவுக் கூடத்துக் கதவைப் பெயர்த்துச் சமையல் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது அவர்கள் கண்ட செய்தி. காட்டுமாடு தோட்டத்துப் பாதையில் நின்றால் அன்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர் தாமதம். மொழியும் அப்படியே. ஹட்டியிலிருந்து வருகிறவர்கள் வீட்டில் படுகு பேசுகிறார்கள். எஸ்டேட் பிள்ளைகளில் சிலர் 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், அவர்கள் தமிழில் வேறொரு இழுப்பு இருக்கும். இப்போது சில ஆண்டுகளாக, உள்ளூரில் கொழுந்து பறிக்க ஆள் குறைந்துபோன பிறகு, ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. அந்தப் பிள்ளைகள் வந்த ஆறே மாதத்தில் தமிழில் சண்டை போடுகிறார்கள். எழுத்துக்கு அதைவிட அதிக காலம் பிடிக்கிறது.

படிகள்

வாரத்துக்கு ஒரு புத்தகம், அடுத்த வாரம் திருப்பித் தர வேண்டும், ஒரு முறை எடுத்ததை அந்த ஆண்டில் மறுபடி எடுக்கலாகாது என்று மூன்று விதிகள் வைத்திருந்தேன். முதல் இரண்டும் எல்லா நூலகத்திலும் உள்ளவை. மூன்றாவதை நானே சேர்த்தேன். பிள்ளைகள் தெரிந்த புத்தகத்தையே கட்டிக்கொண்டு நின்றுவிடக் கூடாது, பரந்து படிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம். அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்க நூல்கள் வந்தபோது அவை 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகப் பகுக்கப்பட்டிருந்தன. அந்தப் பெயர்களின் அழகில் மனம் பறிகொடுத்து, எங்கள் புத்தகங்களுக்கும் அவ்வாறே நான்கு வண்ண ஒட்டுகள் ஒட்டினேன். அந்தப் பகுப்பில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்தப் புத்தகத்தை எந்தப் பிள்ளையிடம் முதலில் நீட்டுவது என்று ஆசிரியருக்கு அது வழி காட்டுகிறது. நீட்டுவதற்கு உதவுகிற ஒன்றை நான் தடுப்பதற்குப் பயன்படுத்தினேன்.

நான்காம் வகுப்பில் அந்த ஆண்டு ஒரு சிறுமி சேர்ந்திருந்தாள். ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம். அதிகம் பேசமாட்டாள், ஆனால் வியாழக்கிழமை மணி அடித்ததும் முதலில் வந்து நிற்பாள். கயிற்றின் இடது ஓரத்தில் நான்காவது கிளிப்பில் தொங்கிய ஒரு புத்தகத்தை எடுப்பாள். ஒரு தம்பியின் பம்பரம் உருண்டு ஓட, அவன் மழையில் அதைத் தேடிப் போகிற கதை. பதினாறு பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி, 'நுழை' படி. முதல் இரண்டு மாதம் நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் மழை இல்லாத நாள்களில் பிள்ளைகளே வழங்கல் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். பிறகு கவனித்தேன், விட்டுவிட்டேன்: புதிதாக எழுத்துக் கற்கிறவள், இன்னும் இரண்டு வாரம் போகட்டும் என்று. இதற்கிடையில் வகுப்பில் அவள் நன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டதை வகுப்பாசிரியை சொன்னார். அப்போதுதான் எனக்கு அது பொறுக்காமல் போயிற்று. 'ஓடு' படியில் வாசிக்கக் கூடியவள் 'நுழை' படியில் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்?

நவம்பர் மாதத்து வியாழன். வெளியே தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் உரக்கப் பேச வேண்டியிருந்தது, அதனால் என் குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக இருந்திருக்கலாம். "இதையேதானே போன வாரமும் எடுத்தாய்? இதை நீ படித்துவிட்டாய். வேறு எடு" என்றேன். அவள் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலத்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள், நான் காத்திருக்கவில்லை. பச்சை ஒட்டு ஒட்டிய ஒரு புத்தகத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் பம்பரப் புத்தகத்தை அதே நான்காவது கிளிப்பில், அட்டை நேராக நிற்கும்படி, இரண்டு கையாலும் பிடித்து மாட்டிவிட்டுப் போனாள். அடுத்த வியாழன் நான் கொடுத்ததைத் திருப்பித் தந்தாள். திறந்து பார்த்த தடயம் இல்லை. வேறு எதுவும் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் எடுக்கவில்லை. பாயில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். தை மாதத்தில், உறைபனி விழுந்து கொழுந்து வரத்துக் குறைந்த நேரம், அந்தக் குடும்பம் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது. வால்பாறை என்றார்கள் சிலர், கூடலூர்ப் பக்கம் என்றார்கள் சிலர். மாற்றுச் சான்றிதழ் கேட்டு யாரும் வரவில்லை.

ரப்பர்

ஏப்ரலில் சரிபார்க்கும்போது புத்தகங்களைப் பாயில் குவித்து, ஒவ்வொன்றாக எடுத்து, சேர்க்கைப் பதிவேட்டில் எண்ணைப் பார்த்து, புரட்டி, அழிக்க வேண்டியதை அழித்து, அடுக்கிக்கொண்டே போவேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். பம்பரப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் அச்சு வரிகளுக்குக் கீழே பென்சிலில் மெல்லிய கிறுக்கல். அழித்தேன். இரண்டாம் பக்கத்திலும் இருந்தது. அதையும் பாதி அழித்த பிறகுதான் கண் நின்றது. அது கிறுக்கல் அன்று. வரி பிசகாமல், அச்சுச் சொல் ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே, தேவநாகரி எழுத்து.

சிறு வயதில் தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையின் தேர்வுகளில் பிராத்மிக்கும் மத்யமாவும் எழுதியிருக்கிறேன். பேச வராது, எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். விரல் வைத்துக் கூட்டினேன். இந்தி இல்லை. தமிழ்தான், இந்தி எழுத்தில். "தம்பி பம்பரம் எங்கே?" என்று அச்சில் இருந்ததற்குக் கீழே அதே ஒலி. நாம் எழுதும்போது 'ப' ஒன்றுதான். சொல்லின் முதலில் வந்தால் ஒரு மாதிரி, 'ம்' முக்குப் பின்னால் வந்தால் வேறு மாதிரி ஒலிக்கிறோம், அதை நாம் உணர்வதுகூட இல்லை. இந்தியில் அவ்விரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. எழுதிய கை 'பம்பரம்' என்ற ஒரே சொல்லில் முதல் பகரத்துக்கு வல்லொலி எழுத்தையும், இரண்டாம் பகரத்துக்கு மெல்லிதாக அதிரும் எழுத்தையும் சரியாகப் போட்டிருந்தது. 'எங்கே'யில் வரும் ககரமும் அப்படியே. தமிழ் எழுத்து அட்டவணையைப் பார்த்து ஒன்றுக்கு ஒன்றாக மாற்றியிருந்தால் இவ்விதம் வராது. யாரோ வாசிக்க, யாரோ காதால் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ழகரத்துக்கு இந்தியில் வழக்கமான எழுத்து இல்லை அல்லவா? 'மழை' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. முதலில் 'ல' என்று எழுதி, அடுத்த இடத்தில் அதை அடித்துவிட்டு அடிப்புள்ளி வைத்த டகரம், மூன்றாவது இடத்தில் மறுபடியும் 'ல', அதன் கீழே ஒரு சிறு கோடு. கேட்டவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை, விட்டுவிடவும் மனமில்லை.

அது பிள்ளையின் கையெழுத்து இல்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பென்சிலை அழுத்தி எழுதுவார்கள். இது தாள் நோகாமல், பிறகு அழித்துவிடலாம் என்ற கவனத்தோடு எழுதியது. எழுத்துக்கு மேலே போகும் அந்தக் கோடு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே இழுப்பில் நேராக இருந்தது. தாயா, தகப்பனா, உடன் தங்கியிருந்த உறவினரா, எனக்குத் தெரியாது. எதற்காக என்றும் தெரியாது. கொழுந்து நிறுத்ததும் கொடுக்கிற எடைச் சீட்டைப் படிக்கவா, கோத்தகிரிப் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே போகிறது என்று பலகையைப் பார்க்கவா, மகள் பள்ளியில் என்ன படிக்கிறாள் என்று அறியவா? மூன்றாம் பக்கத்தில், ஓரத்தில், நடுங்கும் கையால் எழுதிப் பார்த்த ஒரு தமிழ் 'த' இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் 'தம்பி' என்று முழுச் சொல். அச்சில் உள்ளதைப் போலவே எழுத வேண்டும் என்று முயன்று, 'ம்' மின் புள்ளியை மிகப் பெரிதாக வைத்திருந்தார்கள்.

ஏழாம் பக்கத்தோடு பென்சில் எழுத்து நின்றுவிட்டது. எட்டிலிருந்து பதினாறு வரை வெறும் அச்சு, சுத்தமாக.

வழங்கல் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வியாழன்கள் அவள் பெயர் அந்தப் புத்தகத்துக்கு நேரே இருந்தது. ஒன்பது வாரத்தில் ஏழு பக்கம். காலையிலிருந்து மாலை வரை செடிக்கு நடுவில் நின்றுவிட்டு வந்து, விறகடுப்பு வெளிச்சமோ ஒற்றை பல்போ இருந்த வீட்டில், வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு பக்கம். மற்றொன்றும் அப்போது உறைத்தது. புத்தகத்தை வாராவாரம் திருப்ப வேண்டும் என்பது விதி. அவள் எந்த வாரமும் தவறவில்லை. ஒவ்வொரு வியாழனும் கொண்டுவந்து மாட்டி, மணி அடித்ததும் வேறு யாரும் எடுக்கும் முன்னால் ஓடிவந்து மறுபடி எடுத்திருக்கிறாள். அவள் ஏன் வரிசையில் முதலில் நின்றாள் என்று நான் ஐந்து மாதம் கழித்து அறிந்தேன்.

அழித்த முதல் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மெலிதாக எழுதியதால் தாளில் தடம்கூடப் பதியவில்லை. அந்தக் கவனம் எனக்காக எடுத்துக்கொண்டது. பள்ளிப் புத்தகத்துக்குச் சேதம் வந்துவிடக் கூடாது என்பதற்காக.

விதியும் கேள்வியும்

நூலக அறிவியல் படித்த யாருக்கும் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகள் மனப்பாடம். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவர் பொறுப்பேற்றபோது நூல்களைக் காப்பதே நூலகரின் கடமை என்ற எண்ணம் எங்கும் வேரூன்றியிருந்தது. நூல்கள் பயன்பாட்டுக்கே என்று முதல் விதியிலேயே அவர் அதை மாற்றினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பன இரண்டாவதும் மூன்றாவதும். அவர் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்டு 12 அன்று நான் இவற்றை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவேன். அந்த நவம்பரிலும் அட்டை அங்கேதான் இருந்தது. வாசகர் என்றால் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். 86 பிள்ளைகள், ஆகவே 86 வாசகர்கள். புத்தகம் பையில் ஏறி வீட்டுக்குப் போன பின் அங்கே அதை எத்தனை பேர் கையில் எடுக்கிறார்கள் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. நூலகம் என்று நான் நினைத்தது இந்த அறையை. உண்மையில் அது இரவில் லைன் வீடுகளிலும் ஹட்டிகளிலும்தான் நடக்கிறது.

இதைச் சொல்லும்போது எங்கள் தலைமையாசிரியை ஒரு மறுப்புச் சொன்னார், அதை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் அந்தக் காரணத்துக்காக ஒரே புத்தகத்தைக் கட்டிக்கொள்வதில்லை. சிலர் அச்சத்தால் செய்கிறார்கள், அவர்களை யாராவது கொஞ்சம் தள்ளத்தான் வேண்டும் என்றார். உண்மை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரே யானைப் புத்தகத்தை நான்கு மாதம் எடுத்தான். வாசிக்கத் தெரியாததை மறைக்கவே அது, ஏனென்றால் அதில் வரிகள் அவனுக்கு மனப்பாடம். பக்கத்தில் உட்கார்த்தி வேறொன்றைச் சேர்ந்து வாசித்த பிறகு அவன் போக்கே மாறிவிட்டது. ஆகவே மறுபடி எடுப்பதெல்லாம் நல்லது என்று ஒரு புது விதியை என்னால் எழுத முடியவில்லை. பழைய மூன்றாம் விதியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டாம் விதியைத் தளர்த்தி, ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம் என்று மாற்றினேன். "இதைப் படித்துவிட்டாயே" என்று சொல்வதற்குப் பதிலாக, "வீட்டில் இதை யார் யார் பார்த்தார்கள்?" என்று கேட்கிறேன்.

கேட்கத் தொடங்கிய பிறகு வந்த பதில்கள் நான் எதிர்பாராதவை. ஹட்டிப் பையன் ஒருவனின் பாட்டி படங்களை மட்டும் பார்த்து, அச்சில் உள்ள கதைக்குத் தொடர்பே இல்லாத ஒரு கதையைப் படுகு மொழியில் சொல்லிவிட்டாராம். அவனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பேக்டரியில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு தந்தை காலையில் வந்து தூங்குவதற்கு முன்னால் மகள் கொண்டுவந்ததை ஒரு முறை வாசித்துவிட்டுத்தான் படுக்கிறாராம். சின்னப் புத்தகமாக இருப்பதால் முடிக்க முடிகிறது என்றாராம். "யாரும் பார்க்கல டீச்சர், நான் மட்டும்தான்" என்கிற பிள்ளைகளும் நிறைய உண்டு. அவர்களிடம் அதற்குமேல் துருவுவதில்லை.

பம்பரப் புத்தகத்தை என்ன செய்வது என்று சில நாள் யோசித்தேன். சேர்க்கைப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் வழக்கப்படி 'பென்சில் எழுத்து, அழிக்கப்பட்டது' என்று எழுதியிருக்க வேண்டும். பத்தியை வெறுமையாக விட்டுவிட்டேன். அழிந்த வரிகளை நானே மறுபடி எழுதலாமா என்றும் தோன்றியது. என் இந்தி எழுத்து அந்தக் கைக்கு ஈடாகாது, மேலும் அழிந்த வரிகளை எப்படி எழுதியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பீரோவுக்குள் பத்திரமாக வைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, ஆனால் பூட்டி வைப்பதற்கா அதை ஒருவர் ஒன்பது வாரம் வெளியே கொண்டுபோனார்? முதல் தாளின் தையலை மட்டும் இறுக்கி, ஜூனில் பள்ளி திறந்தபோது அதே கயிற்றில் அதே நான்காவது கிளிப்பில் மாட்டினேன்.

ஆகஸ்டில் மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த அசாம் பையன் ஒருவன் அதை எடுத்தான். புரட்டிவிட்டு, பென்சில் எழுத்தைக் காட்டி, "இது யார் எழுதினது டீச்சர்?" என்றான். முன்னால் எடுத்துப் போன வீட்டில் எழுதியது என்றேன். அவனுக்கு அந்த எழுத்து தெரியவில்லை. அசாமிய எழுத்து வேறு. இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தான். பதினோராம் பக்கத்தில் மஞ்சள் கறை, விரல் அளவு. மறுபடியும் வேண்டும் என்றான். தேதி போட்டு, அவன் பெயருக்கு நேரே எழுதிக் கொடுத்தேன்.